கார்செட் டாப்பைப் பகலிலும் மாலையிலும் வேடம்போல் தெரியாமல் அணிவது எப்படி?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். சில மாதங்களுக்கு முன்பு ஒரு கார்செட் டாப் வாங்கினேன். தந்த நிறத்தில் கனமான பருத்தி சாட்டின் துணி. உள்ளே 12 கம்பிகள். முன்புறம் குமிழும் கொக்கியுமாக மாட்டிக்கொள்ளும் எஃகுப் பட்டை. பின்புறம் உலோகத் துளைகளில் நாடா கோத்து இழுத்துக் கட்ட வேண்டும். தோள் வார் கிடையாது. கையில் எடுத்துப் பார்த்தால் தையல் அவ்வளவு நேர்த்தியாக இருக்கிறது. ஆனால் வாங்கியதிலிருந்து ஒரே ஒருமுறைதான் அணிந்திருக்கிறேன்.

அந்த ஒருமுறை ஒரு மாலை விருந்துக்காக. தரையைத் தொடும் விரிந்த பாவாடை, கழுத்தில் மூன்றடுக்கு முத்துமாலை, சுருட்டிவிட்ட கூந்தல் என்று எல்லாவற்றையும் யோசித்துத்தான் சேர்த்தேன். பிறகு படங்களைப் பார்த்தபோது, நாடகத்தின் இரண்டாம் காட்சியை முடித்துவிட்டு ஒப்பனையைக் கலைக்காமல் விருந்து மேசைக்கு வந்துவிட்டவளைப் போல இருந்தேன். போதாக்குறைக்கு, உட்கார்ந்த ஒவ்வொரு முறையும் டாப்பின் கீழ்முனை தொடையில் முட்டி மொத்த உடுப்பையும் மேலே தள்ளியது. மேல்விளிம்போ மார்பை விட்டு விலகி நின்றது. சாப்பிட்ட நேரத்தைவிட அதைக் கீழே இழுத்துவிட்ட நேரம்தான் அதிகம்.

இதை அலமாரியில் பூட்டிவைக்க மனமில்லை. அலுவலகத்தில் உடைக் கட்டுப்பாடு தளர்ந்திருக்கும் நாள்களில் ஜீன்ஸுடனோ பேன்டுடனோ அணியலாமா, அதே டாப்பை மாலை நிகழ்ச்சிகளுக்கு வேடம் கட்டியது போல் தெரியாமல் எப்படி உடுத்துவது என்று அறிய விரும்புகிறேன். அதற்கு முன்னால் ஒரு சந்தேகம்: மேலே ஏறிக்கொள்ளும் இந்தத் தொல்லை என் உடல்வாகினால் வருகிறதா, உடுப்பின் அளவினால் வருகிறதா?

முதல் பதில் (தையல் தொழிலில் இருப்பவர்)

வணக்கம். உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதைச் சரிசெய்யாமல் எந்தப் பாவாடை, எந்த நகை என்று பேசுவதில் பயனில்லை. உங்கள் உடல்வாகில் குறை எதுவும் இல்லை. சாதாரணச் சட்டை உடலோடு மடங்கிக் கொடுக்கும். கம்பி வைத்த உடுப்பு மடங்காது. ஆகவே அதை நின்றுகொண்டு அளவு பார்க்கக் கூடாது, உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். மெத்தை இல்லாத நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மார்புக்கு நேர் கீழே நாடா அளவுகோலை வைத்து, மடியில் வயிறும் தொடையும் சேரும் மடிப்பு வரை முன்புற நடுவில் அளந்துகொள்ளுங்கள். உங்கள் டாப்பில் அதே இடத்திலிருந்து கீழ்முனை வரையுள்ள நீளம் இந்த அளவைவிட 2 அல்லது 3 செ.மீ. குறைவாக இருக்க வேண்டும். சமமாக இருந்தாலே உட்காரும்போது முட்டும்; கூடுதலாக இருந்தால் நீங்கள் எழுதியதுதான் நடக்கும்.

நீளம் கூடுதல் என்று தெரிந்தால் குறைக்கலாம், ஆனால் துணியை மட்டும் வெட்டி மடித்துத் தைப்பது போதாது. கீழ்விளிம்புப் பட்டையைப் பிரித்து, கம்பிகளை உருவி, புதிய நீளத்துக்கு வெட்டி, வெட்டிய முனையில் மூடி போட்டுத் திரும்பச் செருக வேண்டும். கம்பி, அது நுழையும் குழலைவிடச் சுமார் 1 செ.மீ. குட்டையாக இருப்பது நல்லது. குழல் முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கும் கம்பி நாளடைவில் துணியைத் துளைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். கார்செட் உடுப்புகளில் கிழிசல் தொடங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

உங்களுடையதில் எந்தக் கம்பி இருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். சுருள் எஃகுக் கம்பி முன்னும் பின்னும் மட்டுமல்லாமல் பக்கவாட்டிலும் வளையும் என்பதால் வளைவான தையல்களில் அதைத்தான் வைப்பார்கள். தட்டை எஃகு முன்னும் பின்னும் மட்டுமே வளையும். நாடாத் துளைகளுக்கு இருபுறமும் அது நின்றால்தான் இழுக்கும்போது துணி சுருங்காது. பிளாஸ்டிக் கம்பியாக இருந்தால் உடல் சூட்டிலும் அழுத்தத்திலும் இடுப்பருகே ஒரு வளைவு விழுந்து, பிறகு அது நிமிராமலே போய்விடும். பழைய காலத்தில் 'திமிங்கில எலும்பு' என்று சொல்லி வைத்ததும் உண்மையில் எலும்பு அல்ல. சில வகைத் திமிங்கிலங்களின் மேல்தாடையிலிருந்து தொங்கும், நம் நகத்தில் உள்ள அதே கெரட்டினால் ஆன தகடு அது.

மேல்விளிம்பு விலகுவதற்கு நாடா கட்டிய விதமே காரணமாக இருக்கலாம். அடுத்த முறை கட்டியபின் முதுகைக் கண்ணாடியில் பாருங்கள். இரு விளிம்புகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் இருக்க வேண்டும், 5 செ.மீ. இடைவெளி இருந்தாலும் கவலை இல்லை, இணையாக இருந்தால் போதும். ஒரு முனையில் இறுகி மறுமுனையில் விரிந்திருந்தால் எங்கோ ஓரிடத்தில் உடலை விட்டு விலகத்தான் செய்யும். நாடாவை நன்றாகத் தளர்த்திய பிறகு முன்பட்டையை மாட்டுங்கள். அதன்பின் மேல் துளையிலிருந்து இடுப்பு நோக்கியும், கீழ்த் துளையிலிருந்து இடுப்பு நோக்கியும் ஒவ்வொரு குறுக்காக இறுக்கி வந்து, இடுப்பருகே நாடாவில் விட்டிருக்கும் இரு வளையங்களைப் பிடித்து இழுத்து முடிச்சுப் போடுங்கள். கழற்றும்போதும் முதலில் நாடாவைத்தான் தளர்த்த வேண்டும். களைப்பில் அதை மறந்துவிட்டு முன்பட்டையை நெம்பித் திறந்து, குமிழ்களைக் கோணலாக்கிக்கொண்டு என்னிடம் வருபவர்கள் ஏராளம்.

எவ்வளவு இறுக்குவது என்று கேட்டால், இது இடுப்பைச் சுருக்கும் கருவி அல்ல, டாப் என்பதை நினைவில் வையுங்கள். மூச்சை முழுவதுமாக இழுக்க முடிய வேண்டும், வாய்விட்டுச் சிரிக்க முடிய வேண்டும், கீழே விழுந்த சாவியை முழங்காலை மடக்கி எடுக்க முடிய வேண்டும். தோல் மரத்துப்போவது போலவோ நெஞ்சு எரிவது போலவோ இருந்தால் உடனே தளர்த்திவிடுங்கள்.

இரண்டாம் பதில்

பகல் நேரத்துக்கான அனுபவத்தை நான் எழுதுகிறேன். என்னிடம் இருப்பது கறுப்பு ட்வில் துணியில் தைத்த ஒன்று. மாதத்தில் இரண்டு மூன்று முறை அலுவலகத்துக்கு அணிந்துபோகிறேன், இப்போது யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நான் செய்வது மிக எளிது: மெல்லிய பாப்ளின் சட்டையை உள்ளே அணிந்து அதன்மேல் கார்செட்டைக் கட்டுகிறேன். தோளும் முதுகும் மறைந்துவிடுவதால் அலுவலகத்தில் கூச்சம் இருக்காது; சட்டையின் காலரும் மடித்துவிட்ட கையும் சேர்ந்து மொத்த உடையையும் அன்றாடத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

ஆனால் சட்டையைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். துணி தடிமனாக இருந்தால் கார்செட்டுக்குள் சுருண்டு, கம்பிகளுக்கு நடுவே வரி வரியாகப் புடைத்துக்கொள்ளும். ஒரு அளவு பெரிய சட்டை தோளில் தளர்ந்து விழும்போது அழகாகத்தான் இருக்கும், ஆனால் அதன் உபரித் துணி முழுவதும் இடுப்பில் போய்ச் சேரும். இதற்கு நான் கண்ட வழி: நாடாவை முழுவதும் இறுக்குவதற்கு முன்பு, கார்செட்டின் கீழ்விளிம்புக்குக் கீழே கையை விட்டுச் சட்டையின் நுனியை முன்னும் பின்னும் கீழ்நோக்கி இழுத்து, உபரியை இருபக்க விலாவுக்கு ஒதுக்கி மடித்துவிடுவேன். பிறகுதான் கடைசி இழுப்பு. சட்டைக்கு இடம் வேண்டுமென்பதால் நாடாவை வழக்கத்தைவிட 1 அல்லது 2 செ.மீ. தளர்த்தியே கட்ட வேண்டும். சட்டையே வேண்டாம் என்றால், கழுத்தை ஒட்டிய மெல்லிய பின்னல் டீ-ஷர்ட் இன்னும் வசதி, சுருக்கம் விழாது.

கீழே அணிவதில் ஒரு சிக்கலை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஜீன்ஸின் இடுப்புப் பொத்தானும் பெல்ட் மாட்டும் பட்டிகளும் கார்செட்டின் அடியில் மாட்டிக்கொண்டால், வயிற்றுக்கு நடுவில் கோலிக்குண்டு வைத்தது போல ஒரு புடைப்பு தெரியும். ஆகவே இரண்டே வழிகள்தான்: கார்செட்டின் கீழ்விளிம்பு ஜீன்ஸின் பட்டைக்கு மேலேயே முடிந்துவிட வேண்டும், அல்லது பக்கவாட்டில் ஜிப் வைத்த, முன்புறம் தட்டையான பேன்டாக இருக்க வேண்டும். உங்களுடையது முன்புறம் கூர்மையாக இறங்குகிறது என்றால் இரண்டாவதுதான் பொருந்தும். மேலே இறுக்கமாக இருப்பதால் கீழே தளர்ந்த நேர்க்கால் பேன்டோ அகலக்கால் பேன்டோ நல்லது. காலைப் பிடித்த ஜீன்ஸுடன் ஒருமுறை அணிந்து பார்த்தேன். தலை முதல் கால்வரை யாரோ கயிறு சுற்றிக் கட்டியது போல இருந்தது.

மேலே பிளேசர் போட்டால் உள்ளே தோள்பட்டைத் திணிப்பு இல்லாத, தளர்ந்த ஒன்றைப் போடுங்கள். ஏற்கெனவே ஒரு விறைப்பான உடுப்பு இருக்கிறது. அதன்மேல் இன்னொரு விறைப்பு எதற்கு?

மூன்றாம் பதில்

மேலே எழுதியவர் மன்னிக்க வேண்டும். சட்டைக்கு மேல் கார்செட் என்பதை நான் எத்தனை முறை முயன்றாலும் உணவகப் பணியாளர் சீருடை போலவே எனக்குத் தெரிகிறது. தந்த நிறக் கார்செட்டின் கீழ் வெள்ளைச் சட்டை என்றால் இரண்டு வெள்ளைகளும் ஒன்றையொன்று அழுக்காகவும் காட்டும். சட்டையை உள்ளே போடாமல் வெளியே போடுங்கள். வெளிர் நீலத்திலோ பழுப்பிலோ தொளதொளவென்ற லினன் சட்டையைப் பொத்தான் போடாமல் திறந்தபடி மேலே அணிந்தால் தோளும் மறையும், முதுகிலுள்ள நாடாவும் மறையும், முன்னால் கார்செட்டின் ஒரு கை அகலம் மட்டும் தெரியும். பகலுக்கு அவ்வளவு தெரிந்தால் போதும் என்பது என் கருத்து.

நான்காம் பதில்

உங்கள் விருந்துப் படம் ஏன் நாடகக் காட்சிபோல் இருந்தது என்பதைத்தான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன். கார்செட்டில் குறை இல்லை என்றே நினைக்கிறேன். கார்செட்டோடு விரிந்த பாவாடை, முத்துமாலை, சுருள்கூந்தல் மூன்றையும் சேர்த்தபோது ஒரு காலகட்டத்தின் முழு உருவமும் தானாகவே கூடிவிட்டது. பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் 1947 பிப்ரவரியில் பாரிஸில் காட்டிய 'நியூ லுக்' உடைகளின் அடிப்படையே இறுக்கிய இடையும் அதன்கீழ் விரிந்த பாவாடையும்தான். பார்ப்பவர் கண்ணுக்கு அந்த உருவம் பழக்கமானது என்பதால், நீங்கள் ஏற்று நடிப்பதாகவே தோன்றிவிடும்.

கார்செட்டை உள்ளாடையின் இடத்திலிருந்து வெளியே கொண்டுவந்தவர்கள் செய்ததும் இந்த உருவத்தை உடைத்ததுதான். பிரிட்டிஷ் ஆடை வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட் 1987இல் தம் 'ஹாரிஸ் ட்வீட்' ஆடைத் தொகுப்பில் கார்செட்டை மேலாடையாகவே கொண்டுவந்தார். 1990இல் 'போர்ட்ரெய்ட்' தொகுப்பில் 18ஆம் நூற்றாண்டு ஓவியர் பூஷேயின் ஓவியத்தையே அதன் முன்புறத்தில் அச்சிட்டார். அதே 1990இல் பாடகி மடோனாவின் இசைப்பயணத்துக்கு ழான் பால் கோத்தியே வடிவமைத்த கூம்புமார்புக் கார்செட்டை ஆண்கள் அணியும் கோடிட்ட சூட்டுக்குள்ளிருந்து துருத்திக்கொண்டு நிற்கும்படியும் அமைத்திருந்தார். மேடைக்கான மிகை அது. ஆனாலும் கோட்டுக்குள் கார்செட் என்ற அந்தச் சேர்க்கை நமக்கு இன்றும் உதவும்.

ஆகவே மாலைக்கு நான் பரிந்துரைப்பது இது: அதே தந்த நிறத்தில், அல்லது அதற்கு ஒரு படி அடர்ந்த நிறத்தில், தரையை உரசும் அளவுக்கு நீளமான நேர்க்கால் பேன்ட். பேன்ட் பிடிக்காது என்றால் துணியை இழைக்கு மூலைவாட்டாக வெட்டித் தைத்த, உடலைத் தழுவி வழியும் நீளப் பாவாடை, விரிந்தது வேண்டாம். தலையிலிருந்து கால்வரை ஒரே நிறக் குடும்பமாக இருக்கும்போது கார்செட்டின் வெட்டும் தையல்கோடுகளும்தான் கண்ணில் படும், நிறங்களுக்கிடையே போட்டி இருக்காது. பளபளப்பைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை: உங்கள் டாப்பே சாட்டின், அதில் ஒளி பட்டால் ஒவ்வொரு கம்பியின் கோடும் தெரியும். எனவே கீழே கிரேப் போன்ற மங்கலான துணி வேண்டும். மேலும் கீழும் மினுக்கினால் புகைப்படத்தில் இரண்டும் ஒரே ஒளித்திட்டாகக் கலந்துவிடும்.

கழுத்தை வெறுமையாக விட்டுவிடுங்கள். தோள் வார் இல்லாத டாப்பின் மேல்விளிம்பே ஒரு கோடு. அதன்மேல் மாலை வந்தால் இரண்டாவது கோடு, மூன்றடுக்கு என்றால் நான்காவது வரை போய்விடும். காதில் கொஞ்சம் பெரிய தோடு அல்லது தொங்கட்டான் போதும். கூந்தலையும் தூக்கிக் கட்டிவிடுங்கள், ஏனென்றால் இந்த உடையின் அழகில் பாதி முதுகில் இருக்கிறது. புகைப்படக் கலைஞர் ஹார்ஸ்ட் 1939இல் பாரிஸில் எடுத்த 'மெயின்போக்கர் கார்செட்' என்ற புகழ்பெற்ற புகைப்படத்தைப் பாருங்கள்: பெண்ணின் முகம் ஏறத்தாழ தெரிவதே இல்லை, முதுகும் தளர்ந்து தொங்கும் நாடாவும்தான் படம். உங்கள் நாடாவின் நுனிகளை மட்டும் அப்படித் தொங்கவிடாதீர்கள், நாற்காலியில் மாட்டும். இறுதி முடிச்சைப் போட்டபின் நுனிகளைக் குறுக்குகளுக்கு அடியில் செருகிவிடலாம்.

தோள்பை வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். குறுக்கே போடும் வார் மேல்விளிம்பை ஒரு பக்கம் அழுத்தி மறுபக்கம் தூக்கிவிடும். வார் உரசிய இடத்தில் சாட்டின் இழைகள் எழும்பி நின்றதை என் சொந்த உடுப்பிலேயே பார்த்து வருந்தியிருக்கிறேன். கைப்பை போதும்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் நன்றி. முதலில் அளந்து பார்த்தேன்: உட்கார்ந்த நிலையில் என் அளவு 22 செ.மீ., டாப்பின் முன்புறம் அதே இடத்திலிருந்து 24 செ.மீ. இருக்கிறது. முட்டாமல் என்ன செய்யும்! முதுகு நாடாவையும் தங்கை படமெடுத்துக் காட்டினாள். மேலே விரிந்து, கீழே இரு விளிம்புகளும் தொட்டுக்கொண்டிருந்தன. சொன்னபடி தளர்த்தி மறுபடியும் கட்டியதும் மேல்விளிம்பு பெருமளவு படிந்துவிட்டது. இடது அக்குளருகே மட்டும் ஒரு விரல் நுழையும் இடைவெளி இன்னும் இருக்கிறது.

சட்டை விவாதத்தில் இருவர் சொன்னதையும் முயன்று பார்த்தேன். வெள்ளைச் சட்டையுடன் கார்செட் உண்மையிலேயே மஞ்சளித்துத் தெரிந்தது. அதே முறையில் வெளிர் சாம்பல் நிற டீ-ஷர்ட்டை உள்ளே போட்டு, கறுப்பு அகலக்கால் பேன்டுடன் அணிந்தபோது எனக்கு நிறைவாக இருந்தது. நாளை அலுவலகத்துக்கு அதுதான். மாலைக்கான உடையைப் பேன்ட் தைத்து வந்தபின் சொல்கிறேன்.

இன்னும் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: உள்ளே எதுவும் அணியாமல் மாலையில் போட்டால் வியர்வை பட்டுவிடுமே, இதைத் துவைக்கலாமா? அந்த ஒரு விரல் இடைவெளிக்கும் வழி உண்டா?

முதலில் பதில் எழுதியவரின் மறுமொழி

இடைவெளிக்கு வழி உண்டு. மேல்விளிம்பின் உட்புறத்தில், இடது அக்குளிலிருந்து முதுகு வரையுள்ள பகுதியில் மட்டும் மெல்லிய எலாஸ்டிக்கைச் சற்றே இழுத்துப் பிடித்துக் கையால் தைத்துவிடுங்கள். வெளித்துணியில் ஊசி ஏறாமல் உள்துணியோடு மட்டும் தைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் விலகுவது இயல்புதான், யாருக்கும் இரு பக்கமும் ஒரே அளவாக இருப்பதில்லை. ஆனால் இதை நீளம் குறைத்த பிறகு செய்யுங்கள். கீழிருந்து தள்ளுவது நின்றுவிட்டால் மேலே எலாஸ்டிக்கே தேவைப்படாமலும் போகலாம்.

துவைக்கும் எந்திரத்தில் போடவே கூடாது. எஃகுக் கம்பியில் ஈரம் தங்கினால் துருப்பிடித்து, அந்தக் கறை குழல் வழியாகத் துணிக்கு ஏறும். தந்த நிறத்தில் அது போகவே போகாது. ஒவ்வொரு முறை கழற்றியதும் நாடாவை முழுவதும் தளர்த்தி, உட்புறம் வெளியே தெரியும்படி நாற்காலி முதுகில் ஓரிரவு காயப் போடுங்கள். அழுக்குப் பட்ட இடத்தை மட்டும் மிதமான சோப்பில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்து, உடனே உலர்ந்த துணியால் மறுபடி ஒற்றுங்கள். வியர்வைக்கு, கையில்லாத மெல்லிய பருத்திக் குழாய் பனியனை உள்ளே போட்டுக்கொள்வதே சிறந்தது. துவைக்க வேண்டியது அது ஒன்றுதான். மேல்விளிம்புக்கு வெளியே தெரியாதபடி அதை அரை விரல் கீழே இறக்கிவிட்டால் யாருக்கும் தெரியாது. தனியாக உள்ளாடை தேவையில்லை, கம்பிகளே தாங்கும்.

நீளம் குறைக்கத் தையற்காரரிடம் கொடுக்கும்போது, உருவும் கம்பிகளை வரிசை மாறாமல் எண் போட்டு வைக்கச் சொல்லுங்கள். 12 கம்பியும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் பக்கத்துக் கம்பியின் நீளம் முன்கம்பியின் நீளமாக இருக்காது. 24 செ.மீ. முன்புறத்தை 19 ஆக்கினால் உங்களுக்குச் சரியாக இருக்கும். பக்கவாட்டில் எவ்வளவு எடுப்பது என்பதை உங்களை உட்காரவைத்துக் குறித்த பிறகே வெட்டட்டும். முன்னாலுள்ள எஃகுப் பட்டையை வெட்ட முடியாது என்பதால் அதைவிடக் குட்டையான பட்டை ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு போங்கள்.